திருடன் வீட்டைப் படிக்கும் விதம்

2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு, சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயிலின் சரக்குப் பெட்டியில் 342 கோடி ரூபாய் இருந்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கிக்குத் திருப்பி அனுப்பிய பழைய, கிழிந்த நோட்டுகள் அவை. பெட்டியைப் பூட்டியிருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய போலீசார் அதே ரயிலில் காவலுக்கு வந்தார்கள். மறுநாள் சென்னையில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே வெளிச்சம் விழுந்தது. கூரைத் தகட்டில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணோம்.

சிபிசிஐடி போலீசாருக்கு விடை கிடைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2018 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்று கைதானது. ஓடும் ரயிலின் கூரையை அவர்கள் வெட்டியது சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே என்றார்கள் போலீசார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களுடைய படிப்பு தெரிகிறது. அப்போது சேலம்–விருத்தாசலம் பாதையில் மின்கம்பி கிடையாது. டீசல் என்ஜின்தான் இழுத்துக்கொண்டு போகும். விருத்தாசலத்தில் மின்சார என்ஜின் மாறும். அதற்கப்புறம் தலைக்கு மேல் 25,000 வோல்ட். கூரைமேல் ஒருவன் உயிரோடு உட்கார்ந்து வேலை பார்க்க முடிவது விருத்தாசலம் வரைக்கும்தான். சின்னசேலத்தைத் தாண்டினால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கையில் இருக்கும். மூன்று மாதம் கழித்து 500, 1000 ரூபாய் நோட்டுகளே செல்லாமல் போனது தனிக்கதை.

காவல் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கும்பல் ரயிலை முழுதாகப் பார்த்தது.

நம் நைனார்பாளையமும் இதே சின்னசேலம் வட்டத்து ஊர்தான். மேற்கே கல்வராயன் மலை. ஊரைச் சுற்றி மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி. கோடிகளைத் தேடும் கும்பல் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வராது. வருகிறவன் பத்துப் பவுனையும் சோளம் விற்ற பணத்தையும் கணக்குப் போட்டு வருகிறவன். ஆனாலும் அவன் செய்வதும் அதே வேலைதான். பூட்டில் கைவைப்பதற்கு முன்பே வீட்டைப் படித்து முடித்திருப்பான். அவன் என்ன படிக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கும் பூட்டும் கேமராவும் பாதிக் காசுக்குத்தான் பயன்படும். இந்த அத்தியாயத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

திருடர்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பால் கிராம்வெல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், தொழிலை இன்னும் விடாத முப்பது வீட்டுத் திருடர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார்கள். எந்த வீட்டில் நுழைவாய், எதை விடுவாய், ஏன் என்று கேட்டார்கள். 1991இல் அது நூலாக வந்தது. அவர்களுடைய பதில்களில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. உள்ளே ஆள் இருக்கிறதா? நுழையும்போது யார் கண்ணிலாவது படுவேனா? எவ்வளவு சுலபமாக நுழையலாம்? நாம் பணம் செலவழித்து வாங்கும் பூட்டு இந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. முதல் இரண்டையும் பெரும்பாலான வீடுகளில் யாரும் யோசித்தே பார்ப்பதில்லை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விடிந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடும் தெருவில், ஒரே ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடக்கும். நேற்றைய கோலம் மிதிபடாமல் அப்படியே இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போன வாசல் விளக்கு, உச்சி வெயிலிலும் எரிந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவின் வெளிப்பக்கம் கைப்பிடி அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு தொங்கும். தொங்கும் பூட்டை வெளியிலிருந்துதான் போட முடியும். அதைப் பார்த்த மாத்திரத்தில், வீட்டுக்காரர் உள்ளே இல்லை என்பது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரத்திலிருந்து தெரியும். கதவுக்குள்ளேயே பதித்த பூட்டுக்கு இந்தக் குறை கிடையாது. வெளியே ஒரு சாவித் துளை மட்டும்தான் தெரியும். உள்ளே ஆள் தூங்குகிறதா, ஊருக்குப் போயிருக்கிறதா என்பதைத் துளை சொல்லாது. வலிமையில் இரண்டும் சமமாகவே இருந்தாலும் நான் பதித்த பூட்டுக்குத்தான் வாக்களிப்பேன்.

“அக்கா, நாங்க மூணு நாள் ஊருக்குப் போறோம். காலையில உங்க வாசலோட எங்க வாசலுக்கும் ஒரு வாளித் தண்ணி தெளிச்சு ஒரு கோலம் இழுத்துவிட்டுருங்க.” பக்கத்து வீட்டில் இதைச் சொல்லிவிட்டுப் போகிற பெண், குற்றவியல் ஆய்வாளர்கள் ஆள் நடமாட்டக் குறி என்று சொல்லும் ஒன்றைச் செலவில்லாமல் ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். விளக்கை எரியவிட்டுப் போவதற்குப் பதில், இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் ஒளியுணர் சுவிட்ச் போடலாம். மின்சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். பெரிய விலையும் இல்லை.

சட்டம் இரவுத் திருட்டைத்தான் கடுமையாகப் பார்க்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 331ஆம் பிரிவு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் திருடுவதற்காக வீட்டை உடைத்தால் 14 ஆண்டு வரை சிறை என்கிறது. திருடன் பார்ப்பதோ கடிகாரத்தை விட வீட்டுக்காரர் போகும் நேரத்தை. லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் 1979இல் ஒரு புதிரை அவிழ்த்தார்கள். 1960களில் அமெரிக்காவில் வசதி பெருகியது, வேலை பெருகியது, கூடவே வீட்டுத் திருட்டும் பெருகியது. ஏன்? கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் காலியாகின. தொலைக்காட்சிப் பெட்டிகள் தூக்கிக்கொண்டு ஓடும் எடைக்கு வந்துவிட்டன. கெட்டவர்கள் எண்ணிக்கை கூட வேண்டியதே இல்லை; திருட நினைப்பவன், திருடத் தக்க பொருள், காவல் இல்லாத நேரம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும் என்றார்கள் அவர்கள். நம்மூரில் நூறு நாள் வேலைக்கும் பருத்தி எடுப்புக்கும் தெருவே கிளம்பிப் போகும் காலை நேரம் அப்படி ஒரு நேரம். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுக்கும் முகூர்த்த நேரம் இன்னொன்று. கோடையில் காற்றுக்காக எல்லோரும் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, கீழே கதவைச் சும்மா சாத்திவைக்கும் இரவும் அதே வகைதான். ஆள் வீட்டில் இருந்தும் வீட்டுக்குக் காவல் இல்லாத நேரம் அது.

சரி, பூட்டுக்கு வருவோம். பூட்டின் கதை அழகானது. லண்டனில் ஜோசப் பிராமா 1784இல் உருவாக்கிய பூட்டைக் கடைக் கண்ணாடியில் மாட்டி, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரெட் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர், முதலில் பெயர்பெற்ற சப் பூட்டைத் திறந்தார். பிறகு பிராமா பூட்டோடு உட்கார்ந்தார். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். நகரமே கலங்கிப்போனது. ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உலகின் மிகத் தேர்ந்த கைக்கு 51 மணி நேரம் தேவைப்பட்ட பூட்டை எந்தத் திருடன் திறப்பான்? எந்தப் பூட்டும் காலத்தைத்தான் வாங்கித் தருகிறது. எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

நம் பக்கத்துப் பெருமை திண்டுக்கல் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய் வடிவில் இருப்பதை மாங்காய்ப் பூட்டு என்றே சொல்வார்கள். இன்றும் கையால் ராவி உருவாக்கும் இந்தப் பூட்டுகளுக்குள் நெம்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சரியான சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தாலும் நகராது. தகடு கூடக் கூட, கள்ளச்சாவிக்கு வேலை கடினமாகும்.

ஆனால் நம்மூரில் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறவன் அபூர்வம். செய்தித்தாளில் நாம் படிப்பது ‘பூட்டை உடைத்து’ என்றுதான். உண்மையில் பல இடங்களில் பூட்டு உடைவதே இல்லை. பூட்டைத் தாங்கும் கொண்டியும் நாதாங்கியும் பெயர்ந்து வருகின்றன. ஒரு மீட்டர் கடப்பாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில் அதற்கு முட்டுக் கிடைத்தால், கைப்பிடிப் பக்கம் 95 சென்டிமீட்டர். 95ஐ 5ஆல் வகுத்தால் 19. ஒருவன் 40 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தினால் நுனியில் 760 கிலோவுக்கு ஈடான விசை எழும். அந்த விசையை எதிர்த்து நிற்பது எது? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பூட்டின் எஃகு இல்லை. கொண்டியை மரத்தில் பிடித்திருக்கும் நான்கு சின்னத் திருகாணிகள். ஒரு அங்குலத் திருகாணி, பழைய மரம், பாதி துருப்பிடித்த மரை. சில நொடிகளில் கையோடு வந்துவிடும்.

எனவே பூட்டுக்கடைக்குப் போகும் முன் ஆசாரியைக் கூப்பிடுங்கள். கொண்டியைத் திருகாணியால் பிடிக்காமல், கதவை ஊடுருவி மறுபுறம் வாஷர் வைத்து நட்டு போட்டு இறுக்கிய போல்ட்டால் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியும் தலை, திருப்புளி பிடிக்காத வழுக்கைத் தலையாக இருக்கட்டும். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று தட்டிப் பாருங்கள். நிலை ஆடினால் கதவு எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. உள்பக்கம் திறக்கும் பின்கதவுக்கு, சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் மரக்கட்டையை விடச் சிறந்த தாழ் இன்றைக்கும் வரவில்லை என்பது என் கருத்து. பழைய வீடுகளில் அதற்கென்றே சுவரில் இரு பக்கமும் குழி விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் விசையைத் திருகாணிக்குத் தராமல் சுவர்களே வாங்கிக்கொள்கின்றன. நெம்பவும் இடம் இல்லை. பிறகு மாடிக்கு ஏறிப் பாருங்கள். முன்வாசலில் தேக்குக் கதவு போட்ட வீட்டிலும் மொட்டைமாடிக்கு ஒரு தகரக் கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளும்தான் இருக்கும். வெளிப்புறப் படிக்கட்டு நேரே அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஓட்டு வீட்டில் நாலு ஓட்டைப் பிரித்தாலே இறங்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வி, யார் பார்ப்பார்கள் என்பது. திண்ணை வைத்த வீட்டுத் தெருவில் எந்நேரமும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார், புது ஆள் நுழைந்தால், “யாரு வேணும் தம்பி?” என்று கேட்பார். நியூயார்க் தெருக்களைப் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலும், குடியிருப்புக் கட்டடங்களைப் பற்றி ஆஸ்கர் நியூமன் 1972இலும் எழுதியதன் சாரம் இந்தக் கேள்விதான். இப்போது வெளிநாட்டுப் பணமும் பெங்களூர்ச் சம்பளமும் வந்த பிறகு, திண்ணையை இடித்துவிட்டு ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர் எழுப்புகிறோம். ஏறும் வரைக்கும்தான் சுவர் திருடனுக்குத் தடை. உள்ளே குதித்துவிட்டால் அதுவே அவனுக்கு மறைவு. அரைமணி நேரம் நிதானமாகக் கதவை நெம்பலாம், தெருவுக்குத் தெரியாது. இடுப்பளவு சுவரும் அதன்மேல் கம்பியும் வைத்த வீட்டில் அவனுக்கு அந்த வசதி கிடைக்காது. செலவழித்துப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

காட்டுக்கொட்டாய் வீடுகளின் நிலை வேறு. வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்திலும் இல்லை. 1995 முதல் 2005 வரை தமிழ்நாட்டைக் கலங்கடித்த பவாரியா கும்பல் தேடியது நெடுஞ்சாலை ஓரத்தில் தனித்து நின்ற வீடுகளை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டதும், எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை அவர்களைத் தேடி வடக்கே போனதும் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய கொடூரம் அபூர்வம்தான். ஆனாலும் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றே: குரைக்கும் நாய் இருக்கட்டும், தங்கம் இருக்கவேண்டாம்.

தங்கத்தைத் திருடனின் கண்ணால் பாருங்கள். இருபது பவுன் என்றால் 160 கிராம். 22 காரட் நகையை உருக்கி ஒன்றாக்கினால் ஏறத்தாழ ஒன்பது கன சென்டிமீட்டர் இடம்தான் பிடிக்கும். ஒரு கைப்பிடிக்குள் மறைந்துவிடும். ரான் கிளார்க் என்ற குற்றவியலாளர் 1999இல், திருடர்கள் விரும்பும் பொருளின் குணங்களைப் பட்டியலிட்டார்: மறைக்க முடிய வேண்டும், தூக்க முடிய வேண்டும், கிடைக்க வேண்டும், விலை இருக்க வேண்டும், பிடித்திருக்க வேண்டும், உடனே விற்க முடிய வேண்டும். தங்கம் ஆறிலும் முழு மதிப்பெண் வாங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் மூசையில் போட்டுச் சூடு ஏற்றினால் ஆயிரம் டிகிரி அளவிலேயே நகை உருகிவிடும். அடையாளமும் அதோடு போயிற்று. பீரோவும் காவல் இல்லை. சாவியை அதே பீரோவின் மேலோ, மடித்த புடவைக்கு அடியிலோ வைக்கிறோம் என்பது நமக்குத் தெரிவது போலவே அவனுக்கும் தெரியும். வங்கி லாக்கரில் வைத்தது திருட்டிலோ தீயிலோ வங்கியின் கவனக்குறைவால் போனால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. முழு இழப்பீடு அது இல்லை. ஆனாலும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் நகை, ஆண்டு முழுக்கத் தகரப் பெட்டியில் கிடப்பதை விட அங்கே இருப்பது மேல்.

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆள் நடந்தால் அலறும் அகச்சிவப்பு உணரி, நம் தோலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. அதன் அலைநீளம் ஒன்பதரை மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் பெறும். பின்னணிக்கும் உடம்புக்கும் வெப்பத்தில் வேறுபாடு இருந்தால்தான் அதற்கு ஆள் தெரியும். கள்ளக்குறிச்சிப் பக்கம் மே மாத வெயிலில் சுவரே 36, 37 டிகிரிக்கு வந்துவிட்டால் வேறுபாடு மங்கி, உணரி அரைக் குருடாகிறது. குளிர்நாட்டில் சோதித்த கருவி இங்கே பெட்டியில் எழுதியபடி வேலை செய்யாது. அதற்குப் பதில் கதவில் ஒரு சின்னக் காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த எளிய பொருள் அது. கதவு விலகினால் காந்தம் விலகும், மணி அடிக்கும். வெயிலோ குளிரோ அதற்கு ஒன்றுதான். கண்காணிப்புக் கேமராவைப் பொறுத்தவரை, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் தொகுத்த ஆய்வுகளில் கார் நிறுத்துமிடங்களில் குற்றம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குடியிருப்புகளில் அப்படிப்பட்ட பலன் தெளிவாகத் தெரியவில்லை. நம்மூரில் பதிவுப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப்போகிறார்கள். கேமரா வைப்பவர்கள் அந்தப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காமல் வேறு அறையில் மறைவாக வைக்கட்டும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் ஊரார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற எளிய மக்களின் குடியிருப்பில் வீட்டுத் திருட்டு மிக அதிகம். 1980களின் நடுவில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஒருமுறை திருட்டுப் போன வீட்டிலேயே மறுபடியும் திருட்டுப் போவதைக் கண்டார்கள். காசு போட்டால் ஓடும் மீட்டர்களில் சில்லறை குவிந்து கிடந்தது. அதைத் தேடி வந்தார்கள் திருடர்கள். மீட்டரை மாற்றினார்கள், உடைந்த கதவை உடனே பலப்படுத்தினார்கள், திருட்டுப் போன வீட்டைச் சுற்றியிருந்த சில வீட்டாரைச் சேர்த்து ஒரு சின்னக் காவல் வளையம் அமைத்தார்கள். ஓராண்டுக்குள் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகு ஷேன் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஐந்து நாடுகளின் தரவை ஒப்பிட்டார்கள். ஒரு வீட்டில் திருட்டுப் போனால், அதைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆபத்து கூடுதலாக இருந்தது. ஐந்து நாட்டிலும் அதே கதை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது: திருடன் அந்தத் தெருவைப் படித்து முடித்துவிட்டான். நாய் எங்கே, விளக்கு எங்கே, எந்தச் சந்து எங்கே போய் முடிகிறது எல்லாம் தெரியும். பக்கத்து வீடும் அதே ஆசாரி செய்த கதவு, அதே கொண்டி.

200 மீட்டர் என்பது நைனார்பாளையம் மாதிரியான ஊரில் ஒரு தெரு முழுக்கவும் அடுத்த தெருவில் பாதியும். ஆகவே காலையில் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால், உள்ளே போய் எது போயிற்று என்று பீரோவைக் கிளறாதீர்கள். 1897இல் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்ட வழக்கில், பஞ்சாங்கத்தின்மேல் பதிந்திருந்த ஒரு கட்டைவிரல் ரேகைதான் திருடனைக் காட்டிக்கொடுத்தது. மறு ஆண்டே நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது. பத்துப் பேர் தொட்ட பீரோவில் அந்த ரேகை இருக்காது. 112 அல்லது 100க்குச் சொல்லுங்கள். நகைகளின் படமும் ரசீதும் முன்பே எடுத்து வைத்திருந்தால் அன்றைக்குப் பயன்படும். அப்புறம், திருட்டுப் போனதை அவமானம் என்று மறைக்காமல் தெருவுக்கே சொல்லுங்கள். அன்றைக்கே பக்கத்து வீடுகளின் கொண்டிகளை மாற்றுங்கள். மாடிக் கதவுக்கு இன்னொரு தாழ் போடுங்கள். அந்தப் பதினைந்து நாளும் வேலைக்குப் போகும் வீடுகள் முறைவைத்து ஒரு பெரியவரையாவது தெருவில் விட்டுவிட்டுப் போகட்டும்.